வெட்டிய நாலு வரி

...அதுவும் ஒரு கொசுவர்த்திக்காக! நினைக்கும்போதே சின்னவளுக்குக் காதோரம் சுட்டது, மடித்து வைத்த கம்பளிச் சட்டையை உதறினாள், மறுபடி மடித்தாள், இந்தச் சட்டை இப்போது மூன்றாவது முறையாகப் பெட்டிக்குள் போகிறது, மணி ஒன்றரை, நாலு மணிக்கு வாசலில் கார், எட்டரைக்கு விமானம், நாற்பத்தொன்பது வயதில் ஏறப்போகும் முதல் விமானம், வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் கால் தரையில் பாவாது, இவளோ கட்டில்மேல் கிடக்கும் வாரப் பத்திரிகையைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்பிக்கொள்வதுமாக... காலையில்தான் வந்தது, நாற்பத்திரண்டாம் பக்கம், ‘பனி நாட்டில் பன்னிரண்டு நாள்’, முதல் பகுதி, எழுதியவள் இவளே, கணினியில் பக்கத்தை அடுக்கியவளும் இவளே, காலைக் காப்பியோடு ஆசை ஆசையாகப் புரட்டினால் கடைசிப் பத்தியில் இருக்க வேண்டிய நாலு வரி இல்லை, அந்த இடத்தில் ஒரு விளம்பரம், கொசுவர்த்திச் சுருள் வட்டமாகப் புகைந்துகொண்டிருக்கிறது. யார் வெட்டியது என்று கோபம் பொங்கி வந்து, அடுத்த நொடியே அடங்கிப்போனது. யார் வெட்டுவார்கள்? அந்த அலுவலகத்தில் கத்தரிப்பது ஒரே ஒரு கைதானே? அடுத்த அறையில் நகவெட்டியின் ‘டிக், டிக்’ கேட்டது, பெரியவள் மாமனாருக்கு நகம் வெட்டுகிறாள், பெரியவள் என்றால் மூத்த மருமகள், இவளுடைய ஓரகத்தி, இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் இருவருக்கும் பெயர், மாமனார் இன்னும் சுருக்கி ‘பெரிசு’, ‘சின்னது’ என்பார். காணாமல் போன அந்த நாலு வரியும் பெரியவளுக்கு எழுதிய நன்றி.

வாரப் பத்திரிகையின் வித்தை வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது, இன்றைக்குக் கடையில் தொங்கும் இதழ் மூன்று நாளைக்கு முன்பே முடிந்துபோன இதழ், பயணத் தொடர் என்றால் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் முதல் பகுதி வாசகர் கையில் இருக்க வேண்டும், ஆகவே எழுதுகிறவர் கிளம்புவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும், பெட்டி கட்டுவதற்கு முன்பே பெட்டியைப் பூட்டி, அழாதவர்களை அழவைத்து, ஏறாத விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துவிட வேண்டும். எத்தனை பேர் அப்படிக் கிளம்பியிருக்கிறார்கள், அத்தனை பேரையும் பக்கத்தில் அடுக்கி அனுப்பியவள் இவள், இந்த முறை போக வேண்டிய எழுத்தாளர் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார், ஆசிரியர் நேராக இவள் மேஜைக்கு வந்து நின்றார், “ஊர் ஊரா அடுக்கினது போதும்மா, ஒரு ஊரையாவது போய்ப் பாரு. பாஸ்போர்ட் இருக்கில்ல?” இருந்தது. அவருக்கு என்ன அவசியம்? பேர்பெற்ற எழுத்தாளர்கள் வரிசையில் நிற்கும்போது பக்கம் அடுக்குகிறவளைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும் என்று எந்த மனுஷருக்குத் தோன்றும்? அவருக்கு எழுதிய இரண்டு வரி பத்திரமாக முதல் பத்தியிலேயே இருக்கிறது, ‘விமான நிலைய வாசலில் என் கணவரின் கண்கள் கலங்கின’ என்பதும் இருக்கிறது, காலையில் அதைப் படித்துவிட்டு அவர் செய்த அலம்பல்! “நான் எப்போடி கலங்கினேன்?” “இன்னும் கலங்கலை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கலங்குவீங்க.” “மறந்துடப் போறேன், எதுக்கும் ஒரு அலாரம் வைக்கறேன்” என்று உண்மையிலேயே போனை எடுத்துவிட்டார்.

தையல்காரருக்குக்கூட மூன்று வரி இருக்கிறது! பெட்டியின் ஜிப் பிய்ந்து தைக்கக் கொடுத்தபோது, தன் மூக்குக்கண்ணாடியை உள்ளே வைத்துப் பெட்டியின் உள்துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டு, கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடிய கதை, அது தப்பித்துவிட்டது, ஏனென்றால் அதில் சம்பவம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாடம், “இடம் பத்தலைன்னா சம்பவம் இருக்கிற வரியைத் தொடாதே. நன்றி சொல்ற வரியை எடு. வாசகருக்கு ஒண்ணும் குறையாது.” எத்தனை நன்றிகளை எடுத்திருப்பாள்! மனைவிக்கு, நண்பருக்கு, வழி காட்டியவருக்கு, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த விடுதிக்காரிக்கு... இதழ் முடிகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளம்பரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள், கால் பத்தி இடம் வேண்டும், உடனே வேண்டும், திரையில் கடைசிக் கட்டத்தின் அடியில் சிவப்புப் புள்ளி எரிந்தது, நாலு வரி வெளியே தொங்குகிறது என்று அர்த்தம், இவள் மனசு முழுக்கப் பக்கத்தைச் சுற்றி வரும் ஓரக்கோடு நீலமா பச்சையா என்பதில், கை தானாகப் போனது, பழகிய மாடு தொழுவத்துக்குப் போகிற மாதிரி நேராக நன்றியிடம் போனது, எடுத்தது, சிவப்புப் புள்ளி அணைந்தது, அப்பாடா என்று டீ குடிக்கப் போனாள். டீ குடித்தாளே, அது எப்படித் தொண்டையில் இறங்கியது? அந்த வரிகள் மனப்பாடம், ‘என் மாமனாரின் பன்னிரண்டு நாட்களையும் என் ஓரகத்தி ஏற்றுக்கொண்டாள், மருந்துக்கடை வேலையில் தனக்கு வருஷம் முழுவதற்கும் உள்ள பதினான்கு நாள் விடுப்பில் பன்னிரண்டை எனக்காக எழுதிக் கொடுத்துவிட்டு, அதை என்னிடம் சொல்லவும் இல்லை, இந்தப் பெட்டியைப் பூட்டியது அவள் கை.’ இதில் சம்பவம் இல்லையாம். பன்னிரண்டு நாள் சம்பவம் இல்லையாம்!

பெரியவள் படித்தாளா என்பதுதான் இப்போது கேள்வி. அவள் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து திறக்கிறவள், குறுக்கெழுத்து, இரண்டு ஜோக்கு, மூடி வைத்துவிடுவாள், “உன் ஊர்சுத்திங்க கதையெல்லாம் எவ படிப்பா, வீட்டுக்குள்ள சுத்தவே எனக்குக் கால் போதலை” என்பாள், காலையிலும் குறுக்கெழுத்தைத்தான் பென்சிலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கவில்லை என்றால் தப்பித்தோம்... ச்சீ, என்ன தப்பிப்பது? கணவர் வந்தார், தையல்காரர் வந்தார், பக்கத்தில் உட்கார்ந்து சட்டை சட்டையாக இஸ்திரி போட்டவள் வரவில்லை என்று அவளே படித்துத் தெரிந்துகொள்வதைவிட... இதை வாயைத் திறந்து சொல்லாமல் கார் ஏறினால் எந்த ஊரைப் பார்த்து என்ன, பன்னிரண்டு நாளும் அந்தச் சுருள்தான் கண்ணுக்குள் புகையும். போகமாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தவள் சின்னவள்தான், மாமனாரை யார் பார்ப்பது, அவர் விழுந்ததிலிருந்து பெரியவளும் இவளும் வேலை நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டுதான் அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள், பெரியவளின் கணவருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை தலைகாட்டுவார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவள் சொன்னது ஒரே வார்த்தை, “போடி.” மருந்துக்கடைக்காரர்தான் ஒருநாள் வழியில் பார்த்து “உங்க அக்கா பன்னண்டு நாள் லீவு எழுதிட்டாங்களே, வீட்ல ஏதாவது விசேஷமா?” என்று கேட்டுப் போட்டு உடைத்தார். இழுப்பறையைத் திறந்தாள், பயணச்சீட்டு, அலுவலகக் கடிதம், பாஸ்போர்ட் இருக்கும் பிளாஸ்டிக் உறை, எட்டு வருஷத்துக்கு முன் ஆசிரியர் அலுவலகத்தில் எல்லோரையும் பாஸ்போர்ட் எடுத்துவைக்கச் சொன்னபோது, வரிசையில் தனியாக நிற்கக் கூச்சமாக இருந்து “துணைக்கு வாங்கக்கா” என்று கூப்பிட்டதும், “சும்மா நிக்கறதுக்கு நானும் ஒண்ணு எடுத்து வைக்கறேன்” என்று பெரியவளும் விண்ணப்பம் நிரப்பியதும் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது, அன்றைக்குப் போட்டோவைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி எழுந்து வந்துவிட்டார், நினைத்துக்கொண்டே உறையிலிருந்து ஒன்றை உருவிக் கைப்பைக்குள் செருகினாள், சொல்லிவிட வேண்டும், இப்போதே, எப்படி ஆரம்பிப்பது?

“எங்கே போகுது சின்னது?” என்று மாமனார் அறையிலிருந்து குரல், காலையிலிருந்து ஆறாவது தடவை. முப்பத்து நாலு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர், நேற்றுச் சாப்பிட்டது மறந்துவிட்டது, இன்றைக்கு என்ன கிழமை என்பது மறந்துவிட்டது, அது மட்டும் மறக்கவில்லை. “வெளிநாடு போறேன் மாமா.” “டிக்கெட் எடுத்தியா?” “எடுத்தாச்சு மாமா.” “காட்டு.” காட்டினாள், இரண்டு பக்கமும் பார்த்து, காதில் செருகியிருந்த பென்சிலால் ஓரத்தில் ஒரு டிக் போட்டுக் கொடுத்தார், ஆறு டிக் ஆகிவிட்டது, விமான நிலையத்தில் இது என்ன கணக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? பெரியவள் நகத்தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள், “வாடி, பெட்டி எடை பாத்துடலாம், அங்க போய் எல்லார் முன்னாடியும் பிரிச்சு மானம் போக வேணாம்.” எடை பார்க்கும் முறை இந்த வீட்டுக்கென்றே உள்ளது, குளியலறைத் தராசில் பெரியவள் முதலில் தனியாக நிற்பாள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், கழித்தால் பெட்டி, தன் எடையைச் சொல்லக் கூடாது, மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், சத்தியம். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தராசில் ஏறினாள், முகம் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டது, முகம் தெரியவில்லை என்பதுதான் தைரியம் கொடுத்ததோ என்னவோ, சின்னவள் முள்ளைப் பார்க்கக் குனிந்தபடியே, “அக்கா, உங்களைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். இதழ்ல வரலை. நான்தான் வெட்டினேன்” என்றாள்.

முள் ஆடியது, பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “எதுக்கு வெட்டினே?” “விளம்பரம் வந்துடுச்சுக்கா. கை தானா போயிடுச்சு, சத்தியமா பாக்கலை.” “என்ன விளம்பரம்?” “...கொசுவர்த்தி.” “கொசுவர்த்தியா! ஒரு நகைக்கடை, ஒரு புடவைக்கடைன்னா சரி போகட்டும்னு விட்டிருப்பேன். கொசுவர்த்திக்காகவாடி என்னை வெட்டினே?” பெட்டி குலுங்கியது, சிரிக்கிறாளா, வேறு ஏதாவதா, முகம் தெரிந்தால்தானே! “இருபத்திரண்டு வருஷத்துக்கு நாலு வரி. அதுவும் போச்சு. தையல்காரருக்கு மட்டும் மூணு வரி மூக்குக்கண்ணாடியோட இருக்கு.” படித்திருக்கிறாள்! குறுக்கெழுத்துக்கு முன்பே படித்திருக்கிறாள், முதல் பத்தியிலிருந்து சுருள் வரைக்கும் படித்துவிட்டு, தன் பெயர் எங்கேயும் இல்லை என்று பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்துக் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்திருக்கிறாள், அப்புறம் எழுந்து இவளுடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டிருக்கிறாள்... “அக்கா, அதுல என்ன எழுதியிருந்தேன்னா...” “எடையைச் சொல்லித் தொலையேன்டி, கை கழலுது!” சொன்னாள், பெட்டி இறங்கியது, முகம் வெளியே வந்தது, சிவந்துதான் இருந்தது, பெட்டி கனம் என்றால் கனம், வேறு என்றால் வேறு. “எனக்கு எதுக்கு நன்றி, நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், “ரெண்டு கிலோ கூட இருக்கு, அந்தச் செருப்பை எடு.” அவ்வளவுதான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது உண்மை, ஆனால் இறங்கிய மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சின்னவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாலு அடித்தது, கார் வந்தது, கணவர் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார், மாமனாரிடம் சொல்லிக்கொள்ள உள்ளே போனால், தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார், “டிக்கெட்.” கொடுத்தாள், ஏழாவது டிக். “அடையாள அட்டை?” இது புதுசு, இத்தனை தடவையில் கேட்காதது, பரவாயில்லை, போகிற நேரத்தில் அவர் மனசு நோகாமல் போகட்டும் என்று கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார், படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தார், “நீங்க இதுல போக முடியாதும்மா. இறங்கிக்கோங்க.” வாசலிலிருந்து திரும்பி வந்த கணவர் சிரித்துவிட்டார், “அப்பா, நம்ம சின்னதுப்பா. அடையாளம் தெரியலையா?” “எனக்குத் தெரியும் தம்பி. நிக்கறது சின்னது. படத்துல இருக்கிறது பெரிசு. மோவாய்ல மச்சம் இருக்கு பாரு.” பெரியவள் எட்டி வாங்கிப் பார்த்தாள், எட்டு வருஷத்துக்கு முந்தின பெரியவள், மச்சத்தோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பார்த்தவள் “அடப்பாவி” என்றாள், அது யாருக்கு என்று தெரியவில்லை, “விமான நிலையம் வரைக்கும் போய் முழிச்சிருப்பே!” ஒரே உறை, ஒரே நிறம், உருவும்போது மனசு கொசுவர்த்தியில்... இந்த மனுஷர் மட்டும் கேட்காவிட்டால்? ஆறு மணிக்கு அலாரம் அடித்து, கணவர் கண் கலங்கி, எல்லாம் அச்சில் உள்ளபடி நடந்து, கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால் இருப்பவர் ‘இது நீங்கள் இல்லையே’ என்று சொல்லியிருந்தால்! குனிந்து மாமனார் கையைப் பிடித்துக்கொண்டாள், பழைய உள்ளங்கை, ஆயிரம் ஆயிரம் டிக்கெட் தொட்ட கை, “மாமா, நீங்க இல்லைன்னா...” “என் டியூட்டிம்மா” என்றார் அவர், கண்டிப்பாக.

அப்போதுதான் பார்த்தாள். பெரியவள் பாஸ்போர்ட்டை மூடும்போது பின்னட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதம் நழுவியது, நாலாக மடித்த பத்திரிகைத் தாள், மடிப்பில் வெளுத்துப்போயிருந்தது, எத்தனை தடவை பிரித்து மடித்தால் அப்படி வெளுக்கும், தரையில் விழுவதற்குள் பெரியவள் பிடித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள், ஒரு மூலை மட்டும், ஒரு விரல் அகலம் மட்டும் வெளியே தெரிந்தது, அது போதும், அலை அலையான ஓரக்கோடு, அலைக்கு ஒரு புள்ளி. பெரியவள் எதுவும் நடக்காதது போல இழுப்பறைக்குப் போய்ச் சரியான பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து, விசா இருக்கிற பக்கம்வரை புரட்டிச் சரிபார்த்து, கைப்பைக்குள் தானே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். கார்க் கதவைச் சாத்தும்போது ஜன்னலில் குனிந்தாள், “காதை மூடிக்கோ, பனி காதுலதான் ஏறும். இன்னொண்ணு, அங்கேர்ந்து எழுதறப்போ என்னையெல்லாம் எழுதாதே. ரெண்டாவது தடவை வெட்டினேன்னா தாங்க மாட்டேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள், ஒரு கை ஆடியது, மற்றொரு கை மூடியே இருந்தது.

அலைக்கோடு, அலைக்கு ஒரு புள்ளி... அதை வரைந்தது இவள், ஒவ்வொரு வருஷமும் பயணப் பக்கத்துக்கு ஒரு ஓரக்கோடு மாறும், இந்தக் கோடு ஒரே ஒரு வருஷம்தான், அச்சகத்தில் புள்ளியெல்லாம் மை அப்பிக்கொள்கிறது என்று சண்டை போட்டதால் மறுவருஷமே நிறுத்தினார்கள், அது எட்டு வருஷத்துக்கு முன், அவர்கள் இருவரும் வரிசையில் நின்ற அதே வருஷம். சும்மா நிற்பதற்காக எடுத்தாளாம்! யார் யாருக்குத் துணையாகப் போனது அன்றைக்கு? முன் சீட்டில் கணவர் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார், அப்பா ‘என் டியூட்டிம்மா’ என்று சொன்ன இடத்திலேயே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, அச்சில் போட்டதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக, அதை மறைக்கத்தான் சாலையைப் பார்க்கிறார், பார்க்கட்டும். சின்னவள் நோட்டைத் திறந்தாள், இரண்டாம் பகுதி செவ்வாய்க்கிழமைக்குள் போக வேண்டும், எழுதாதே என்றால் எழுதாமல் விட்டுவிட முடியுமா, முதல் வரியிலேயே பெரியவளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், தராசு, பெட்டி, மச்சம், டிக் போடும் பென்சில், சம்பவமாகவே எழுதிவிட்டால் எந்தக் கையும் தொடாது, தன் கைகூட. பெரியவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அடுத்த தடவை பன்னிரண்டு நாள் விடுப்பை இவள் எழுதிக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும், ஆனால் எங்கே போக? அந்த வருஷம் பயணப் பக்கத்தில் பதினாறு ஊர் வந்தது, உப்பு வெள்ளை வெளேரென்று கிடந்த ஏரி, தெருவே இல்லாமல் படிகளாக இருந்த ஊர், படகில் கடிதம் கொண்டுவந்த தபால்காரி, காற்று அடித்தால் பாடும் பாலம்... ஒவ்வொன்றுக்கும் எத்தனை பத்தி, படம் எந்தப் பக்கம், விளம்பரம் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள், ஒரே சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் தோள் இடித்துக்கொண்டு நின்றவளுக்கு இதில் எந்த ஊர் என்று மட்டும் தெரியவில்லை, கேட்டதே இல்லை. போனைக் கையில் எடுத்தாள், கேட்டால் சிரித்து மழுப்புவாள், வந்தபிறகு நேரில்தான், கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும், வெளியே கட்டிடங்கள் குறைந்து வானம் பெரிதாகிக்கொண்டே வந்தது... அந்தத் தாளிலும் கடைசிக் கட்டத்தின் அடியில் சிவப்புப் புள்ளி எரிந்திருக்கும், அதிலும் இவள் கை போயிருக்கும், நாலாக மடித்து எட்டு வருஷம் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியவளுக்குப் பிடித்துப்போன அந்த ஊரில், எந்த நாலு வரியை இவள் எடுத்திருப்பாள்?